ஸஜ்தாவுக்காக ஓர் ஓட்டம்

நம் பள்ளிவாசல்களில் ஓசையின்றி ஒரு மாற்றம் நிகழ்ந்து வருகிறது. முன்பெல்லாம் ஸஃப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடந்தால், அது எந்த முதியவருக்கு உரியது என்பது மஹல்லா முழுவதற்கும் தெரியும். இன்றோ முதல் ஸஃப்பின் இரு முனைகளிலும் நாற்காலிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஜும்ஆ நாளில் அவை போதாமல், பின்னறையிலிருந்து மேலும் சில வருகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போர் அனைவரும் எண்பதைக் கடந்தவர்களா என்றால், இல்லை. ஐம்பத்தைந்து, அறுபது வயதினரும் அங்கே இருக்கின்றனர்.

இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. மார்க்கம் தந்த சலுகையைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரி நூல் அறிவிக்கிறது. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் நோயை நாற்காலி சொல்லாது; அதை அவரும் அவருடைய இறைவனுமே அறிவர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நெற்றியைத் தரையில் வைக்கும் பாக்கியத்தை நம்மிடமிருந்து முதுமை பறித்துக்கொண்டதா? அல்லது முதுமை வருமுன்பே நாமே அதைக் கைநழுவ விட்டோமா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர், குறிஞ்சிப்பாடியில் வாழும் ஒரு பெரியவர். தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால், "பாய்" என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

சுரங்கத்திலிருந்து நாற்காலிக்கு

பாய்க்கு இப்போது அறுபத்தெட்டு வயது. 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். திறந்தவெளிச் சுரங்கத்தில் கன்வேயர் வரிசையை ஒட்டி, வெயிலிலும் மழையிலும் மைல் கணக்கில் நடந்தவர். அறுபது வயதில் ஓய்வு பெற்றதும் நகரியத்துக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, குறிஞ்சிப்பாடியில் கட்டியிருந்த வீட்டிற்குக் குடிவந்தார்.

"பணியில் இருந்தவரை கால்கள் என்னைச் சுமந்தன, ஹஜரத். ஓய்வு பெற்ற பிறகு நான் கால்களைச் சுமக்க ஆரம்பித்தேன்" என்று அவர் சொன்னபோது முகத்தில் சிரிப்பிருந்தாலும், குரலில் வருத்தமே தெரிந்தது.

பிள்ளைகள் அன்பானவர்கள். "அத்தா, இத்தனை காலம் உழைத்தது போதும், நீங்கள் உட்காருங்கள்" என்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டார்கள். கடைக்குப் பேரன் சென்றான். தண்ணீரை மருமகள் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் எடை ஏறியது, சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது. ஒருநாள் மஃரிபில் இரண்டாம் ரக்அத்துக்கு எழ முயன்றபோது எழ முடியவில்லை. பக்கத்திலிருந்தவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். மறுநாளே பள்ளியில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

"அந்த நாற்காலியில் முதல் நாள் உட்கார்ந்து தொழுதபோது கண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் தரையில் நெற்றி வைக்க, நான் மட்டும் காற்றில் தலை குனிந்தேன்" என்றார்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் தேய்மானம் சிறிதே என்றும், தொடைத் தசைகள் வலுவிழந்ததும் உடல் எடை கூடியதுமே முக்கியக் காரணங்கள் என்றும் கூறினார். மெல்ல நடக்கச் சொன்னார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதங்கள் நடந்தார். ஓராண்டு கழிந்ததும், மருத்துவரின் சம்மதத்துடன் நடையினிடையே சிறு சிறு ஓட்டத்தைச் சேர்த்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் ஓடுகிறார். வார நாட்களில் நடையும் வீட்டிலேயே சில பயிற்சிகளும். ஞாயிறன்று மட்டும் நீண்ட ஓட்டம்.

இதைக் கேட்டுச் சிலர் நகைத்தார்களாம்: "தாடி நரைத்த வயதில் ஓட்டமா? மறுமைக்குத் தயாராக வேண்டிய காலமல்லவா?" பாய் சொன்ன பதில் இதுதான்: "அதற்குத்தான் ஓடுகிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை

"பேச்சில் விளங்காது, ஹஜரத், ஒருநாள் வந்து பாருங்கள்" என்று அவர் அழைத்தார். சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு அவருடைய இரு சக்கர வண்டியில் புறப்பட்டோம். வடலூரைக் கடந்து நெய்வேலி நகரியத்திற்குள் நுழைந்தபோது, அகன்ற சாலைகளின் இருபுறமும் நின்ற மரங்களில் பறவைகள் விழித்துக்கொண்டிருந்தன.

"இத்தனை தூரம் ஏன் வரவேண்டும்? ஊரிலேயே ஓடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"நம் ஊர்ச் சாலையில் ஓட இடமேது? பேருந்தும் லாரியும் விட்டுவைத்தால் அல்லவா?" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. உலகமே வியந்த முதிய ஓட்டக்காரர் ஃபவ்ஜா சிங்கின் முடிவு எப்படி நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பஞ்சாபின் பியாஸ் கிராமத்து விவசாயியான அவர், சிறுவயதில் ஐந்து வயது வரை நடக்கவே இயலாதவராக இருந்தவர். 1994இல் மகனை விபத்தில் இழந்த துயரத்தை ஆற்றிக்கொள்ள ஓட்டத்தை நாடினார். 2000ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில் லண்டன் மாரத்தானை முதன்முறையாக ஓடி முடித்தார். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம். 2011இல் டொரண்டோ நகரில் 100 வயதினராக எட்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமான நேரத்தில் அதே தூரத்தைக் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் நூல் அவர் சாதனையைப் பதிவு செய்ய மறுத்தது. 2013இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற பின்பும் நடையை விடவில்லை. அத்தகையவர் 2025 ஜூலை 14 அன்று, சொந்த ஊருக்கருகே சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 114. மாரத்தான்களால் வீழ்த்த முடியாத உடலை ஒரு சாலை வீழ்த்தியது. முதியோர் அச்சமின்றிக் கால் வீசி நடக்க வாகனமில்லாத ஒரு பாதை வேண்டும். பூங்காவின் அருமை இதில்தான் இருக்கிறது.

நாங்கள் சென்ற பூங்கா, காலை ஆறு மணிக்கே நிரம்பி வழிந்தது. வட்டப் பாதையில் கூட்டங்கூட்டமாக நடப்போர். புல்வெளியில் யோகாசனம் செய்வோர். கையை உயர்த்தி உரக்கச் சிரிக்கும் முதியோர். பந்து விளையாடும் சிறுவர்கள். கைத்தடியுடன் மெல்ல நடக்கும் ஒரு மூதாட்டி. விடுமுறைக்கு வந்த பேத்தியைத் தள்ளுவண்டியில் உருட்டிச் செல்லும் ஒரு தாத்தா. இத்தனை பேருக்கிடையே எப்படி ஓடுவார் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

பாய் அவசரப்படவில்லை. முதல் சுற்றை நடந்தே முடித்தார். இரண்டாம் சுற்றில் நடையின் வேகத்தைக் கூட்டினார். மூன்றாம் சுற்றில்தான் ஓட்டம் தொடங்கியது. அதுவும் எத்தகைய ஓட்டம்! விரைந்து நடக்கும் ஓர் இளைஞர் அவரை எளிதாகக் கடந்துவிடலாம். பாதங்கள் தரையை ஒட்டியே எழுந்து விழுந்தன. நான் அருகில் விரைந்து நடந்தேன். அவரோ ஓடிக்கொண்டே என்னுடன் பேசிக்கொண்டு வந்தார்.

"பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி என்று பொருள். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால், வேகம் என் வயதை மீறிவிட்டது என்று பொருள்" என்றார்.

ஓட்டப் பயிற்சியாளர்கள் உலகெங்கும் சொல்லும் எளிய அளவுகோல் இதுவே. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடும்போது இதயமும் நுரையீரலும் மிதமாக உழைக்கின்றன. உடல் கொழுப்பையும் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தசைகளும் மூட்டுகளும் மறுநாளைக்கும் மிச்சமிருக்கின்றன. ஓட்டத்தின் நடுவே ஓரிரு நிமிடம் நடப்பதும் இழுக்கன்று. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, ஓட்டத்தையும் நடையையும் மாறி மாறிச் செய்யும் முறையை 1970களிலேயே புதியவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இன்று அது முதியோருக்கு உகந்த முறையாக விளங்குகிறது.

பாயின் பேச்சைக் கேட்டதும் என் மனம் திருமறையின் லுக்மான் அத்தியாயத்திற்குச் சென்றது. லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில், நடையில் நடுநிலையைக் கைக்கொள்வதும் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. எத்தனையோ முறை மாணவர்களுக்கு இந்த வசனத்திற்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். நடையையும் குரலையும் இறைவன் ஒருசேரச் சொன்னதன் அழகு, மூச்சு வாங்கி நான் நின்ற அந்தப் பூங்காவில் புதிதாகத் தெரிந்தது. ஆம், ஐந்தாம் சுற்றில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நாள் முழுதும் பாயில் அமர்ந்து பாடம் நடத்தும் நாற்பது வயதுக்காரனை, அறுபத்தெட்டு வயதுக்காரர் புன்னகையுடன் கடந்து சென்றார்.

பாதைக்கும் உரிமை உண்டு

ஒரு மர நிழலில் அமர்ந்து அவரைக் கவனித்தேன். எதிரே பெண்கள் கூட்டமாக வந்தால், பாதையை அவர்களுக்கு விட்டுப் பார்வையைத் தாழ்த்தி ஓரமாக ஒதுங்கினார். மூதாட்டியை நெருங்கும்போது ஓட்டத்தை நிறுத்தி நடந்தார். பின்னாலிருந்து திடீரென்று கடந்தால் அவர் திடுக்கிடுவார் அல்லவா? பாதையில் உடைந்து கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். எதிர்ப்பட்ட ஒருவர் ஸலாம் சொல்ல, நின்று பதில் சொன்னார்.

ஏழாம் சுற்றிலோ எட்டாம் சுற்றிலோ ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். பாய் சட்டென்று நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் காதில் பாட்டுக் கருவியோடு வேகமாக ஓடிவந்த இளைஞர் தடுமாறிச் சிறுவனைக் கடிந்துகொண்டார். சிறுவனின் முகம் வாடியது. பாய் பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்து, "இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடி வா, தம்பி" என்றார். பிறகு அந்த இளைஞரிடம், "அவனுக்கும் இது ஞாயிற்றுக்கிழமைதானே?" என்றார். இளைஞர் வெட்கத்துடன் சிரித்தார்.

பாதையின் உரிமைகள் எவை என்று தோழர்கள் கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என அண்ணலார் (ஸல்) எடுத்துரைத்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மமே என்பதையும் நாமறிவோம். இவற்றை மேடையில் முழங்குவது எளிது. கூட்டம் நிறைந்த பூங்காவில், ஓட்டத்தின் வேகத்தை இழந்து நிறைவேற்றுவதே கடினம். "ஒவ்வொரு முறையும் நின்று நின்று ஓடினால் பயிற்சி கெட்டுவிடாதா?" என்று கேட்டேன். "நிற்பதும் பயிற்சிதான், ஹஜரத். விழாமல் நிற்கத் தெரிய வேண்டிய வயது இது" என்றார்.

இதில் மருத்துவ உண்மையும் அடங்கியிருக்கிறது. முதியோரை முடக்கிப் போடும் பெரும் இடர்களில் ஒன்று கீழே விழுதல். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களாவது உடலின் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்யவேண்டுமென்றும் கூறியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் ஓடியவர்

கனடா நாட்டில் எட் விட்லாக் என்றொரு முதியவர் இருந்தார். 1931இல் இங்கிலாந்தில் பிறந்து, சுரங்கப் பொறியியல் படித்துக் கனடாவில் குடியேறியவர். மில்ட்டன் என்ற சிற்றூரில் தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டமே அவருடைய பயிற்சிக்களம். அங்கே வாகனங்கள் இல்லை. களைத்தால் வீடு பக்கத்திலேயே இருந்தது. சுற்றுகளை அவர் எண்ணுவதில்லை. இரண்டு மணி, மூன்று மணி என நேரத்தை மட்டும் கணக்கிட்டு, பழைய காலணிகளை அணிந்து மெல்ல ஓடிக்கொண்டேயிருப்பார். பயிற்சியாளர் யாரும் அவருக்கு இல்லை.

அந்த மெதுவான ஓட்டம் தந்த பலன் என்ன தெரியுமா? 2003இல், தம் 72ஆம் வயதில், மாரத்தான் தூரத்தை 2 மணி 59 நிமிடங்களில் முடித்தார். எழுபதைக் கடந்த ஒருவர் மூன்று மணி நேரத்திற்குள் அத்தூரத்தை ஓடியது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு அதை 2 மணி 54 நிமிடங்களாகக் குறைத்தார். 2016இல் 85 வயதில் நான்கு மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். சில மாதங்களில், 2017 மார்ச்சில், காலமானார்.

இந்த வரலாற்றைச் சொன்னபோது பாயின் கண்கள் விரிந்தன. "அவரும் நம்ம சுரங்கத்துக்காரரா!" என்று மகிழ்ந்தவர், சற்று மௌனமாக இருந்துவிட்டு, "கப்ருகளுக்கு நடுவே ஓடினால் யாரையும் முந்தத் தோன்றாது" என்றார். மறுமையை நினைவூட்டும் என்பதற்காகக் கப்ருகளைச் சந்திக்க அனுமதித்த நபிமொழியை அறிந்தவர்களுக்கு, அந்தச் சொல்லின் ஆழம் விளங்கும்.

எல்லோரும் விட்லாக் ஆக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அன்று, நீடிப்பை. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழி வணக்கத்திற்குச் சொல்லப்பட்டதுதான். அந்த வணக்கத்தைத் தாங்கி நிற்கும் உடலைப் பேணுவதற்கும் அது பொருந்தாதா?

முழங்கால் தேயுமா?

"ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்" என்பது நம் வீடுகளில் உலவும் அச்சம். 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கிணைத்துப் பார்த்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம், ஓடாமல் இருப்போரில் 10.2 விழுக்காட்டினரிடமும், உடல்நலத்திற்காக மிதமாக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்டது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுவோரிடமோ அது 13.3 விழுக்காடு. மூட்டுத் தேய்மானத்தில், ஒன்றுமே செய்யாதவரும் எல்லை மீறியவரும் இழப்படைய, நடுவழியில் சென்றவரே மேலான நிலையில் இருக்கிறார். நடுநிலைச் சமுதாயம் என்று திருமறை அழைத்த மக்களுக்கு இது வியப்பளிக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர், ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் 1984 முதல் தொடர்ந்து கவனித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் ஓடாதோரில் 34 விழுக்காட்டினரும் ஓடியோரில் 15 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அன்றாட வேலைகளைச் செய்ய இயலாத நிலையும் ஓடியோருக்குப் பல ஆண்டுகள் தள்ளியே வந்தது. ஓடுவோர் பொதுவாகவே உடலைப் பேணுபவர்கள் என்பதால், முழுப் பலனையும் ஓட்டத்தின் கணக்கில் எழுத முடியாதுதான். ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. இருக்கும் ஆயுளைப் பிறர் கையை எதிர்பாராமல் கழிக்க முயல்வது நம் பொறுப்பு.

முப்பது வயதுக்குப் பின், உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு பத்தாண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு குறைந்துகொண்டே வருகிறது. பயிற்சி இந்தச் சரிவை நிறுத்தாது; ஆனால் மெதுவாக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரும் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அந்த விகிதம் 14.4 விழுக்காடு. ஏழு பேருக்கு ஒருவர்! விருந்தென்றால் பிரியாணி, ஆறுதலென்றால் இனிப்புத் தேநீர் என்று வாழும் நம் இல்லங்கள் இந்த எண்ணைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

இல்லத்தரசிகளுக்கும் பங்குண்டு

பூங்காவின் மறுபுறத்தில் புர்கா அணிந்த நான்கு பெண்கள் சேர்ந்து நடந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் பாயின் துணைவியார். மகனுடன் காரில் வந்திருந்தார். "தொடக்கத்தில் வெட்கமாக இருந்தது. இப்போது ஒரு ஞாயிறு தவறினாலும் கால்கள் கேட்கின்றன" என்று அவர் சொன்னதாகப் பாய் கூறினார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்புகள் விரைவாக வலுவிழக்கின்றன. உடல் எடையைக் கால்கள் தாங்கும் நடை, எலும்புக்கு நல்ல காவல். சமையலறையில் நாள் முழுதும் நின்றாலே போதும் என்று எண்ணக்கூடாது. நிற்பது வேறு, நடப்பது வேறு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) ஓட்டப் பந்தயம் ஓடிய நிகழ்ச்சியை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதல்முறை அன்னையார் முந்தினார். பின்னாளில் அவர் சற்றுச் சதை போட்டிருந்தபோது நடந்த ஓட்டத்தில் நாயகம் முந்தி, இது அதற்கு ஈடு என்று இனிமையாகக் கூறினார்கள். ஐம்பதைக் கடந்த வயதில், ஒரு சமுதாயத்தின் பொறுப்பையே தோளில் சுமந்த தலைவர் மனைவியுடன் ஓடினார் என்றால், அதில் நமக்குப் பாடமில்லையா? மனைவியை வீட்டில் விட்டுத் தாம் மட்டும் நலம் தேடும் கணவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

நபித்தோழர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் ஓட்டத்தில் இணையற்றவர். மதீனா திரும்பும் வழியில், யாராலும் முந்த முடியாதவர் எனப் பெயர் பெற்ற அன்ஸாரி ஒருவருடன் அவர் போட்டியிட்டதை முஸ்லிம் நூல் விரித்துரைக்கிறது. தொடக்கத்திலேயே பாய்ந்துவிடாமல், ஓரிரு மேடுகள் வரை மூச்சைச் சேமித்து ஓடி, பின்னரே அவர் முந்தினார். இன்றைய பயிற்சியாளர்கள் சொல்லும் பாடம் அந்தப் பாலைவழியில் அன்றே ஓடிக் காட்டப்பட்டிருக்கிறது.

ஹஜ்ஜை எண்ணுவோர் கவனத்திற்கு

பாயும் துணைவியாரும் ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருக்கிறார்கள். பலர் ஹஜ்ஜுக்காகப் பணத்தைப் பல ஆண்டுகள் சேர்க்கிறார்கள். கால்களின் வலுவைச் சேர்ப்பதில்லை. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்வதே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அதில் பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் மெல்லோட்டமாகச் செல்லவேண்டும். தாகித்த மழலைக்காக ஓடிய அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் பாதச் சுவடு அது. தவாஃபும் மினாவின் நடையும் சேர்ந்தால், சில நாட்களில் பத்து கிலோமீட்டரையும் தாண்டும்.

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரியைக் கடந்தது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முதியோரும் நாள்பட்ட நோயாளிகளும் அவர்களில் அடங்குவர். அல்லாஹ் அவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக! முறையான அனுமதி, நிழல், தண்ணீர் ஆகியவற்றோடு பழக்கப்பட்ட கால்களும் பயணச் சாமான்களில் ஒன்றாக இருக்கவேண்டும். ஓராண்டுக்கு முன்பே தொடங்கும் வார இறுதி நடை, அந்தப் பயணத்திற்கான முதல் தவணை.

தொடங்க நினைப்போருக்கு

பாயின் அனுபவமும் மருத்துவர்களின் அறிவுரையும் சேர்ந்த சில குறிப்புகள் இவை. நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஓடத் தொடங்கக்கூடாது. முதல் சில மாதங்கள் நடை மட்டும் போதும். அரை மணி நேரம் களைப்பின்றி நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று சேர்க்கலாம். சுபுஹுக்குப் பின் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கடலூர் மாவட்டத்துக் கோடைக்கு எட்டு மணி வெயிலே அதிகம்.

சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், மயக்கம் வந்தால் வாயில் போட மிட்டாயோ வெல்லமோ சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். வீடு திரும்பியதும் பாதங்களில் காயமோ கொப்புளமோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைசுற்றல் தோன்றினால் அந்த நொடியே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்ற ஆசை அங்கே ஆகாது. ஓட இயலாதவர் நடக்கலாம். நடக்க இயலாதவர் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தை அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் உணர்த்தியதை, தாய் தந்தையரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தி அன்பு காட்டும் பிள்ளைகளும் நினைவில் கொள்ளவேண்டும். பெற்றோரை உட்கார வைப்பது மட்டும் பணிவிடையன்று. கை கோத்து அவர்களுடன் நடப்பதும் பணிவிடையே.

அன்று லுஹருக்கு நாங்கள் குறிஞ்சிப்பாடிப் பள்ளிவாசலை நெருங்கியபோது இகாமத் ஒலித்தது. பழக்க தோஷத்தால் நான் படிகளை நோக்கி விரைந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது.

"ஓட்டமெல்லாம் பூங்காவோடு சரி, ஹஜரத். இங்கே நடைதானே?"

இகாமத்தைக் கேட்டால் ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான்! வெட்கத்துடன் நடையைத் தளர்த்தினேன். இருவரும் ஸஃப்பில் நின்றோம். எனக்கு வலப்பக்கம் பாய் நின்றார். ஸஜ்தாவுக்குச் செல்கையில், தரையில் ஊன்றிய அவருடைய முழங்கால் மெல்ல நெட்டி முறிந்த ஓசை என் காதில் விழுந்தது. வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் நெற்றி தரையில் இருந்தது. எழும்போது யாருடைய கையும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஸஃப்பின் ஓரத்தில் அவருடைய பழைய நாற்காலி கிடந்தது. அவரைவிடப் பத்து வயது இளையவர் ஒருவர் அதில் அமர்ந்திருந்தார். தொழுகை முடிந்ததும் பாய் அவரருகே சென்று குனிந்து ஏதோ சொன்னார். கேட்டவர் முதலில் சிரித்தார். பிறகு தம் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, தயக்கத்துடன் தலையசைத்தார். அடுத்த ஞாயிறு அந்த வண்டியில் எனக்கு இடமிருக்காது போலும். நானும் ஒரு வண்டியை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

நெற்றி நிலத்தில் படியும் நாட்கள் நம் வாழ்நாளில் இறுதிவரை நீடிக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் வலுவையும் உள்ள உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.